அரக்கனின் உயிர் கிளிக்குள் போனது எப்படி? தேவதைக் கதைகளின் தோற்றம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: திருவல்லிக்கேணிப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். விருகம்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மொட்டை மாடியில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி வருகிறேன். சென்ற வாரம், திருவல்லிக்கேணி வீட்டு முற்றத்தில் என் பாட்டி குழம்புச் சோற்றை உருட்டி எங்கள் கைகளில் வைத்துக்கொண்டே சொன்ன கதை ஒன்றைச் சொன்னேன். அரக்கன் ஓர் அரசகுமாரியைத் தூக்கிப்போய்ச் சிறை வைத்திருக்கிறான். வெட்டினாலும் குத்தினாலும் அவன் சாகமாட்டான். அவள் நயமாகப் பேசி அவன் உயிர் இருக்கும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். ஏழு கடல், ஏழு மலை தாண்டி, ஓர் ஆலமரத்துப் பொந்தில் இருக்கும் கிளிக்குள் அவன் உயிர் இருக்கிறது. அரசகுமாரன் அங்கே போய்க் கிளியின் காலை ஒடித்தால் இங்கே அரக்கனின் கால் ஒடிகிறது. சிறகைப் பிய்த்தால் கை விழுகிறது.

கதை முடிந்ததும், ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் எழுந்து, இதே கதையைத் தன் தாத்தா வைத்திருக்கும் பழைய சோவியத் கதைப் புத்தகத்தில் படித்திருப்பதாகவும், அதில் உயிர் கிளிக்குள் இல்லாமல் முட்டைக்குள் இருக்கும் ஊசியின் முனையில் இருப்பதாகவும் சொன்னான். "உங்கள் பாட்டி ரஷ்யப் புத்தகம் படித்திருப்பார்களா, ஆன்ட்டி?" என்று அவன் கேட்டது கேலிக்காக இல்லை. என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சென்னையைத் தாண்டிப் போன ஊர்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்தக் கதைகளுக்கு வரலாற்றில் உண்மையாகவே ஒரு தொடக்கம் உண்டா? மறுநாள் பெற்றோர் குழுவில் ஒருவர் மூன்று காணொளிகளை அனுப்பினார். சிண்ட்ரெல்லா சீனாவில் பிறந்தவள் என்கிறது ஒன்று. ஸ்னோ ஒயிட் ஜெர்மனியில் வாழ்ந்த ஓர் உண்மையான சீமாட்டி என்கிறது இன்னொன்று. மூன்றாவது, கண்ணாடிச் செருப்பு என்பதே காது தவறிக் கேட்டதால் வந்த பிழை என்கிறது. மூன்றும் ஒரே அளவு உறுதியோடு பேசுவதால், எதையும் நம்பத் தோன்றவில்லை. வரும் ஞாயிறு அந்தச் சிறுவன் மறுபடியும் கேட்பான். அவனிடம் நான் பொய் சொல்லாமல் என்ன சொல்லலாம்?

பதில் 1: கன்னிமாரா வாசகன்

அம்மா, அந்தச் சிறுவனின் கேள்வியைத்தான் ஐரோப்பிய அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் படித்திருப்பது சாவில்லாத கஷ்சேயின் கதை. கடல் நடுவே ஒரு தீவு, தீவில் ஓர் ஓக் மரம், மரத்தில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் முயல், முயலுக்குள் வாத்து, வாத்துக்குள் முட்டை, முட்டைக்குள் ஊசி என்று அது போகும். நார்வேயிலும் இதே கதை உண்டு. அங்கே இராட்சதனின் இதயம் ஒரு தீவிலுள்ள தேவாலயக் கிணற்றில் நீந்தும் வாத்தின் முட்டைக்குள் இருக்கும்.

உங்கள் பாட்டியின் கதைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று 1868இல் அச்சாகியிருக்கிறது. பம்பாய் ஆளுநரின் மகள் மேரி ஃபிரேர், தந்தையோடு தக்காணத்தில் சுற்றுப்பயணம் செய்தபோது, உடன் வந்த அன்னா லிபராட்டா டி சூசா என்ற ஆயா சொன்ன கதைகளைக் கேட்டு எழுதிய தொகுப்பு அது. அதன் முதல் கதையில் மந்திரவாதி ஒருவனின் உயிர் எங்கோ தொலைவில், பெருங்காட்டின் நடுவே, வட்டமாக நிற்கும் பனைமரங்களுக்குள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஆறு தண்ணீர்ச் சட்டிகளுக்கு அடியில், ஒரு கூண்டிலிருக்கும் சிறிய பச்சைக் கிளிக்குள் இருக்கிறது. கிளியின் சிறகைப் பிய்த்தால் மந்திரவாதியின் கை விழுகிறது. அன்னாவும் இவற்றைத் தன் பாட்டியிடம் கேட்டவர்தான்.

இனிப் பழமைக்கு வருவோம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள எகிப்தியத் தாள்சுருள் ஒன்று, என்னானா என்ற எழுத்தரால் கி.மு. 1200 வாக்கில் எழுதப்பட்டது. அண்ணன் தம்பி இருவரின் கதை அது. தம்பி பாட்டா தன் இதயத்தை எடுத்து ஒரு மரத்தின் பூவின்மேல் வைத்துவிடுகிறான். மரத்தை வெட்டியதும் செத்து விழுகிறான். தொலைவில் இருக்கும் அண்ணனின் கையிலிருந்த பீர்க் குவளை நுரைத்துப் பொங்க, தம்பிக்குக் கேடு நேர்ந்துவிட்டது என்று அவன் அறிந்து புறப்படுகிறான். உடம்புக்கு வெளியே வைக்கப்பட்ட உயிர் என்ற எண்ணம் குறைந்தது மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளாக எழுத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் கவனியுங்கள், எண்ணம்தான் பழையது. எகிப்தியக் கதையில் சிறைப்பட்ட பெண்ணும் இல்லை, அரக்கனும் இல்லை. நாட்டார் வழக்காற்றியலில் கதைக்கூறு, கதைவகை என்று இரண்டாகப் பிரிப்பதன் காரணம் இதுவே. கூறு என்பது செங்கல், வகை என்பது கட்டிய வீடு. காணொளிக்காரர்கள் செங்கலைக் காட்டி வீட்டின் வயதைச் சொல்லிவிடுகிறார்கள்.

எங்கே தொடங்கியது என்பதற்குச் சொல்லப்பட்ட பழைய பதில்கள் பல. ஜெர்மனியில் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் இளையவரான வில்ஹெல்ம், இக்கதைகளைத் தொன்மையான நம்பிக்கைகளின் சிதறிய எச்சங்களாகவும், இந்தோ-ஐரோப்பிய மொழி பேசிய மக்களின் பொதுச் சொத்தாகவும் கருதினார். ஜெர்மன் அறிஞர் தியோடர் பென்ஃபை 1859இல் பஞ்சதந்திரத்தை ஜெர்மன் மொழியில் வெளியிட்டு, பெரும்பாலான கதைகள் இந்தியாவில் தோன்றி மேற்கே சென்றவை என்று வாதிட்டார். மனித மனம் எங்கும் ஒன்றே என்பதால் ஒரே கதை பல இடங்களில் தானாகவே முளைக்கும் என்றவர்களும் உண்டு. 2016இல் சாரா கிராசா ட சில்வா, ஜாம்ஷித் தெஹ்ரானி ஆகிய இருவரும் மொழிக் குடும்ப மரத்தின்மேல் 275 மாயக் கதைவகைகளைப் பொருத்திக் கணக்கிட்டு, கொல்லன் ஒருவன் பேயோடு ஒப்பந்தம் செய்து அதை ஏமாற்றும் கதை வெண்கலக் காலம்வரை செல்லக்கூடும் என்று எழுதியபோது, கிரிம்மின் பழைய கருத்துக்கு ஓரளவு புத்துயிர் கிடைத்தது. எனினும் அவர்கள் கணக்கிட்டது இந்தோ-ஐரோப்பிய மொழிகளை மட்டும். உங்கள் பாட்டி பேசிய தமிழ் அந்த மரத்திலேயே இல்லை. ஆகவே தாய்வழிச் சீதனமாகக் கதை வந்தது என்ற விளக்கம் வேறு எவருக்குப் பொருந்தினாலும், திருவல்லிக்கேணி முற்றத்துக்குப் பொருந்தாது. கதை பக்கத்து வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது இங்கிருந்து போயிருக்க வேண்டும்.

பயணம் உறுதியாகத் தெரிந்த கதை ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மாடல மறையோன் கோவலனின் பழைய நற்செயல்களைச் சொல்லும்போது, "பிள்ளை நகுலம் பெரும்பிறிதாக" என்று ஒரு தொடர் வரும். கீரிப்பிள்ளையைக் கொன்ற பார்ப்பனியை விட்டுக் கணவன் வடதிசை செல்கிறான். அவள் வடமொழி எழுதிய ஏட்டைக் கையில் ஏந்தி வணிகர் தெருவில் அழுதுகொண்டு வருகிறாள். கோவலன் பொருள் கொடுத்து அவள் பழி தீர்க்கிறான். கீரி பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்தது, தாய் அதன் வாயிலிருந்த இரத்தத்தைப் பார்த்துத் தவறாக எண்ணிக் கொன்றது ஆகியவற்றை இளங்கோவடிகள் விரித்துச் சொல்லவே இல்லை. சொல்லாததுதான் இங்கே சான்று. கேட்போருக்கு அந்தக் கதை முன்பே தெரிந்திருந்தது.

பஞ்சதந்திரத்தில் உள்ள இக்கதை, 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னன் அனுஷிர்வான் காலத்தில் பர்சோய் என்ற மருத்துவரால் பஹ்லவி மொழிக்கும், 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபாவால் அரபிக்கும், 13ஆம் நூற்றாண்டில் எபிரேய வடிவம் வழியாக லத்தீனுக்கும் சென்றது. ஐரோப்பாவுக்குள் அது போன வழிகளில் இது ஒன்று. அங்கே கீரி இருந்த இடத்தில் வேட்டை நாய் வந்து நின்றது. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகரை அடுத்த சிற்றூர்களில் அந்த நாயைக் கினிஃபோர் என்ற பெயரில் புனிதராகவே வணங்கி, நோயுற்ற குழந்தைகளைத் தாய்மார் அதன் கல்லறைக்குத் தூக்கிவந்ததை, அங்கே விசாரிக்க வந்த எத்தியேன் த பூர்போன் என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார். எலும்புகளைத் தோண்டி எரிக்கச் சொன்னவரும் அவரே. வேல்ஸ் நாட்டின் பெத்கெலர்ட் என்னும் ஊரில் இன்றும் அந்த நாய்க்குக் கல்லறை காட்டுகிறார்கள். அது உள்ளூர் அரசனின் நாய் என்று சொல்லுவார்கள். இடமும் பெயரும் கல்லறையும் இருப்பதால் ஒரு கதை அங்கே நடந்ததாகிவிடாது என்பதற்கு இது போதும்.

பதில் 2: கம்பாசிட்டர் மகன்

மேலே எழுதியவரின் கருத்தை மதிக்கிறேன். ஆயினும் அவர் அச்சுப் புத்தகத்தை அதற்குரிய இடத்தில் வைக்கவில்லை. என் தந்தையார் சூளையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் என்பதால், எனக்கு இதில் கொஞ்சம் சார்பு இருக்கலாம்.

தேவதைக் கதை என்று நாம் சொல்லும் சொல்லே பிரெஞ்சுப் புத்தக அட்டையிலிருந்து வந்தது. மதாம் தோல்னுவா 1697இல் தம் கதைகளுக்கு வைத்த தலைப்பு அது. அதே ஆண்டில் ஷார்ல் பெரோ எட்டு உரைநடைக் கதைகளை வெளியிட்டார். இவர்கள் பாரிசின் வரவேற்பறைகளில் சீமாட்டிகளுக்கு நடுவே கதை சொன்னவர்கள், குடிசைகளில் சொன்னவர்கள் அல்லர். அவர்களுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நேப்பிள்ஸ் நகரத்து ஜாம்பத்தீஸ்தா பசீலேயின் ஐம்பது கதைகள், அவர் இறந்த பிறகு, 1634 முதல் 1636 வரை அச்சாகிவிட்டன. அதில் வரும் சிண்ட்ரெல்லாவின் பெயர் செசோல்லா. அவள் முதல் சிற்றன்னையைப் பெட்டிக்குள் குனியவைத்து, மூடியைக் கழுத்தின்மேல் போட்டுக் கொன்றுவிட்டு, தனக்கு அந்த யோசனையைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியையையே தந்தைக்கு மணம் முடித்து வைக்கிறாள். பிறகு அவளிடமும் மாட்டிக்கொள்கிறாள். பசீலேக்கும் முன்னால், 1550களில், வெனிசில் ஸ்திராபரோலா அச்சிட்ட தொகுப்பில் பூட்ஸ் போடாத ஒரு பூனை, தன் ஏழை எசமானனை அரசனாக்குகிறது. ஏழை ஒருவன் மாயத்தால் உயர்ந்து அரச குடும்பத்தில் மணம் முடிக்கும் கதைவகை, புத்தகம் வாங்கக் காசு சேர்ந்த அந்த வெனிஸ் நகர மக்களுக்காகவே தோன்றியது என்று ஆய்வாளர் ரூத் பாட்டிகைமர் வாதிட்டபோது நாட்டார் வழக்காற்றியலார் கொதித்தெழுந்தார்கள். அவர் அளவுக்கு நான் போகமாட்டேன். ஆனால் எழுத்தறியாத பாட்டி, கலப்பில்லாத வாய்மொழி என்ற படம் எவ்வளவு தூரம் புத்தகக்காரர்களே வரைந்தது என்று பார்க்கவேண்டும்.

கிரிம் சகோதரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1812இல் முதல் தொகுதி, 1815இல் இரண்டாம் தொகுதி, 1857இல் ஏழாம் பதிப்பு. நாட்டுப்புற ஜெர்மானியரின் குரல் என்று பெயர் பெற்ற அத்தொகுப்புக்குக் கதை சொன்னவர்களில் முக்கியமானவர்கள் காசெல் நகரத்து ஹாசன்ஃப்ளூக் குடும்பத்துப் படித்த இளம்பெண்கள். அவர்கள் பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்தவர்களின் வழியினர். வீட்டில் பிரெஞ்சு புழங்கியது. தையற்காரரின் மனைவியான டோரத்தேயா ஃபீமன் சந்தைக்குக் காய்கறி விற்க வருபவர்தாம். ஆனால் அவரும் அதே பிரெஞ்சு அகதி மரபினர். பெரோவின் கதைகள் கிரிம் தொகுப்புக்குள் எப்படி வந்தன என்பதில் வியப்பொன்றும் இல்லை.

பதிப்புக்குப் பதிப்பு வில்ஹெல்ம் செய்த திருத்தங்களும் நமக்குத் தேவையான வரலாறே. 1812இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். 1819இல் அவள் சிற்றன்னையாகிவிட்டாள். ரப்புன்சல் தன் உடைகள் இறுகிவிட்டதாகச் சொல்லித் தான் கருவுற்றதை வெளிப்படுத்தும் வரி மறைந்தது. பழைய கதை கொடூரமானது, பின்னால் பிள்ளைகளுக்காக மென்மையாக்கினார்கள் என்று எல்லாரும் சொல்லுவார்கள். சிண்ட்ரெல்லாவில் புறாக்கள் அக்காமாரின் கண்களைக் கொத்திக் குருடாக்கும் முடிவு 1812இல் இல்லை. பிள்ளைகள் படிக்கத் தொடங்கிய பிறகு, 1819இல் சேர்க்கப்பட்டது. காமத்தை எடுத்தார்கள், தண்டனையைக் கூட்டினார்கள்.

அலாவுதீனும் அலிபாபாவும் இன்னும் தெளிவான சான்றுகள். அந்துவான் கலான் 1704 முதல் ஆயிரத்தொரு இரவுகளைப் பிரெஞ்சில் வெளியிட்டு வந்தார். கைவசமிருந்த அரபுச் சுவடி தீர்ந்துபோனது. 1709இல் அலெப்போ நகரிலிருந்து பாரிஸ் வந்திருந்த ஹன்னா தியாப் என்ற இளைஞர் வாய்மொழியாகச் சொன்ன கதைகளைக் கேட்டுத் தம் நாட்குறிப்பில் குறித்துக்கொண்டார். அவற்றுள் இந்த இரண்டும் அடக்கம். கலானின் நூலுக்கு முற்பட்ட அரபுச் சுவடி எதிலும் இவை இல்லை. ஒரு மனிதர், ஓர் ஊர், ஓர் ஆண்டு. அங்கிருந்துதான் உலகம் முழுவதும் போயின.

இனி உங்கள் பாட்டிக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் புத்தகம் அவரைத் தொடவில்லை என்று முடிவு கட்டவேண்டாம். கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் வெளியிட்ட பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையையும் மதனகாமராஜன் கதையையும் கண்ணால் படித்தவர்களைவிடக் காதால் கேட்டவர்களே அதிகம். ஒருவர் திண்ணையில் விளக்கை வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார், தெருவே கேட்கும். எழுத்து பெரிதாக இருந்ததே மங்கிய விளக்கில் படிப்பதற்காகத்தான் என்று என் தந்தையார் சொல்லுவார். 1947இல் சென்னையிலிருந்து வரத் தொடங்கிய அம்புலிமாமாவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாராவது உரக்கப் படித்தது உண்டா?

திருவல்லிக்கேணிப் பேத்தி

ஐயா, உங்கள் கேள்வி என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. இன்று காலை குரோம்பேட்டையில் இருக்கும் என் சித்திக்குத் தொலைபேசியில் பேசினேன். பாட்டியின் தம்பி, கப்பல் கம்பெனி ஒன்றில் எழுத்தராக இருந்தவர், மாலையில் பெல்ஸ் சாலைத் திண்ணையில் உட்கார்ந்து விக்கிரமாதித்தன் கதை படிப்பாராம். பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பார்களாம். ஆனால் கிளிக் கதையை அவர் படித்ததே இல்லை, அது பாட்டியின் அத்தை சொன்னது என்று சித்தி சாதிக்கிறார். இருவரில் யார் பக்கம் வெற்றி என்று தெரியவில்லை.

பதில் 3: பழைய வரலாற்று ஆசிரியை

காணொளிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

ஸ்னோ ஒயிட் உண்மையில் வாழ்ந்தவள் என்பதற்கு ஒருவரல்லர், இரண்டு பெண்கள் முன்வைக்கப்படுகிறார்கள். ஒருத்தி 16ஆம் நூற்றாண்டின் மார்கரெட்டா ஃபான் வால்டெக்; இன்னொருத்தி 18ஆம் நூற்றாண்டில் லோர் நகரில் பிறந்த மரியா சோஃபியா ஃபான் எர்தால். இரண்டு கருத்துகளும் 1980களிலும் அதற்குப் பிறகும் உள்ளூர் ஆய்வாளர்களால் எழுதப்பட்டவை. சிற்றன்னை இருந்தாள், பக்கத்தில் சுரங்கம் இருந்தது, அந்த ஊரில் கண்ணாடி செய்தார்கள் என்று பொருத்தம் பார்க்கும் முறை அது. ஜாதகப் பொருத்தம்போல, வேண்டும் என்றால் பத்தும் பொருந்தும்.

கண்ணாடிச் செருப்பு பற்றியது நீண்ட ஆயுள் உள்ள வதந்தி. பிரெஞ்சில் கண்ணாடிக்கும் அணில் தோலுக்குமான பழைய சொற்கள் ஒலியில் ஒன்றுபோல இருப்பதால், பெரோ தோல் செருப்பைத் தவறாகக் கண்ணாடி என்று கேட்டு எழுதிவிட்டார் என்பது 19ஆம் நூற்றாண்டு நாவலாசிரியர் பால்சாக் பரப்பிய கருத்து. பெரோ 1697இல் கண்ணாடி என்றே எழுதினார். மந்திரத்தால் வந்த செருப்பு, வேறு எவருடைய காலுக்காகவும் விரிந்துகொடுக்காத செருப்பு. கண்ணாடியாக இருந்தால்தானே கதை நிற்கும்?

சிண்ட்ரெல்லா சீனப் பெண் என்பது பாதி உண்மை. துவான் செங்ஷி 9ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில் யெ ஷியன் என்ற பெண் இருக்கிறாள். சிற்றன்னை கொன்ற மீனின் எலும்புகளை ஒளித்துவைத்து வேண்டி, பொன் காலணியும் மீன்கொத்தி இறகு ஆடையும் பெறுகிறாள்; திருவிழாவில் ஒரு காலணியைத் தொலைக்கிறாள்; அது கடைசியில் ஓர் அரசனின் கைக்குப் போகிறது. கதைவகை முழுமையாக அமைந்த மிகப் பழைய எழுத்து வடிவம் இது என்பதில் பெரிய சண்டை இல்லை. நமக்குச் சுவையான செய்தி வேறு. இதைத் தமக்குச் சொன்னவர் தம் பழைய வேலையாள் லி ஷியுவான் என்றும், அவர் தென்கோடியிலுள்ள யோங்சோவின் குகைவாழ் மக்களைச் சேர்ந்தவர் என்றும் துவானே எழுதிவைத்திருக்கிறார். ஆக, சீனத் தலைநகரத்து அறிஞருக்கும் அது வேற்று மக்களின் கதைதான். முதலில் எழுதப்பட்ட இடமும் முதலில் சொல்லப்பட்ட இடமும் ஒன்றில்லை என்பதை அந்த ஒரு குறிப்பு காட்டிவிடுகிறது. கிரேக்கரான ஸ்ட்ராபோ எழுதிய ரோடோபிஸ் கதையில் கழுகு ஒன்று பெண்ணின் செருப்பைத் தூக்கிவந்து மெம்பிஸ் அரசன் மடியில் போடுகிறது. இது யெ ஷியனைவிட எண்ணூறு ஆண்டுக்குமேல் பழையது. ஆனால் சிற்றன்னையும் இல்லை, அடுப்புச் சாம்பலும் இல்லை. கன்னிமாரா வாசகனின் செங்கல்லை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

உண்மை நிகழ்ச்சி ஒன்றுதான் வேண்டுமென்றால் ஹாமெல்ன் நகருக்குப் போகலாம். 1284 ஜூன் 26 அன்று குழலூதி ஒருவன் 130 பிள்ளைகளை அழைத்துப்போனான் என்று 15ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்று நாள் குறித்துச் சொல்லுகிறது. எலிகள் அதில் இல்லை. அவை 16ஆம் நூற்றாண்டில்தான் கதைக்குள் நுழைந்தன. கிழக்கே புதிய குடியிருப்புகளுக்கு ஆள் திரட்டிச் சென்ற நிகழ்ச்சியின் நினைவு என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் கிரிம் சகோதரர்கள் இதைத் தேவதைக் கதைகளோடு சேர்க்காமல், 1816இல் வெளியிட்ட ஊர்வழக்குக் கதைத் தொகுப்பில் வைத்தார்கள். நாளும் ஊரும் தெருவும் சொல்லும் கதை ஒரு சாதி. "ஓர் ஊரில் ஓர் அரசன்" என்று தொடங்கும் கதை வேறொரு சாதி. இரண்டாவதற்கு நடந்த நாளைத் தேடுவது, விடுகதைக்குச் சாட்சி கேட்பதுபோல.

பதில் 4: குரீஇ

வரலாற்று ஆசிரியை சொன்ன பிரிவினைக்குத் தமிழில் பழைய பெயர் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்கு வகையாக்கும்போது "பொருள்மரபு இல்லாப் பொய்ம்மொழி" என்று ஒன்றைச் சொல்லுகிறது. இதற்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் பெற்ற பழைய உரையாசிரியர், யானையும் குருவியும் நட்புக்கொண்டு இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்று ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டு வழிவழியாக வரும் கதையை எடுத்துக்காட்டாகத் தருகிறார். நடவாதது என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஆனாலும் அதற்கு இலக்கணத்தில் இடம் உண்டு. தேவதையே வராத கதைகளுக்குத் தேவதைக் கதை என்று பெயர் வைத்துக்கொண்டு திண்டாடுவதைவிட இது நல்ல சொல் என்பது என் எண்ணம். குருவியின் பழைய வடிவமான குரீஇ என்ற என் புனைபெயரும் அங்கிருந்து எடுத்ததே.

கதை எந்தத் திசையில் போனது என்பதில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதற்குப் பரமார்த்த குருவையே பாருங்கள். ஆற்றைக் கடந்த சீடர்கள் தங்களை எண்ணும்போது, எண்ணுபவன் தன்னை விட்டுவிடுவதால் ஒருவர் குறைகிறார், எல்லாரும் அழுகிறார்கள், வழிப்போக்கன் வந்து தடியால் ஆளுக்கோர் அடி கொடுத்து எண்ணிக் காட்டுகிறான். இத்தாலியரான வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதி, பாபிங்டன் 1822இல் லண்டனில் அச்சிட்ட நூல் அது. இங்கிலாந்தின் கோத்தம் ஊர் மூடர்களைப் பற்றிய 16ஆம் நூற்றாண்டுப் புத்தகத்தில், மீன்பிடிக்கப் போன பன்னிரண்டு பேர் இப்படியே பதினொன்று எண்ணி அழுகிறார்கள். ஆகவே முனிவர் ஐரோப்பாவிலிருந்து கதையைக் கொண்டுவந்தார் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, சங்கரரின் உபதேச சாகஸ்ரியில் "பத்தாவது ஆள் நீயே" என்பது தன்னை மறந்த ஆன்மாவுக்கு உவமையாக வந்துவிட்டது. கேட்போர் அறிந்த கதையாக இருந்தால் ஒழிய, அது உவமையாக நிற்காது. முனிவர் ஊரிலிருந்து கொண்டுவந்தாரா, மதுரைப் பக்கத்துத் திண்ணையில் கேட்டாரா என்று இன்றைக்கு யாரும் பிரித்துச் சொல்லமுடியாது. இரண்டு இடத்திலும் கேட்டுச் சிரித்திருக்கவும் கூடும்.

பேத்தியம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சித்தி சொல்லும் கதையில் கிளிதானா, அல்லது வேறு ஏதாவதா? சில இடங்களில் வண்டு வரும். ஆய்வாளர்கள் ஒரே கதையின் இருநூறு முந்நூறு வடிவங்களைச் சேர்ப்பது இந்த வேறுபாட்டுக்காகத்தான். மேரியன் காக்ஸ் 1893இல் சிண்ட்ரெல்லாவுக்கு மட்டும் 345 வடிவங்களைத் தொகுத்து வெளியிட்டார்.

திருவல்லிக்கேணிப் பேத்தி

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஓர் உலக வரைபடத்தை விரித்துவைத்து, கீரி நாயாக மாறிய வழியை விரலால் காட்டினேன். எகிப்துக்காரனின் இதயம் பூவின்மேல் இருந்தது என்றதும், முட்டையைவிட அது எளிதில் உடையுமே என்று அந்தச் சிறுவன் கவலைப்பட்டான். கிளி எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, என் பாட்டியின் அத்தைவரை தெரியும், அதற்கு மேல் தெரியாது என்றேன். அவன் அதை ஒப்புக்கொண்டான்.

குரீஇ கேட்டதைச் சித்தியிடம் கேட்டேன். அவர் நினைவில் இருப்பது கிளியின் வயிற்றுக்குள் ஒரு கருவண்டு. எனக்குச் சொன்னபோது வண்டு இல்லை, கிளியோடு முடிந்துவிட்டது. "நீ கடைசிப் பேத்தி. அப்போது அம்மாவுக்கு வயதாகிவிட்டது. உனக்குத் தூக்கம் வந்தால் ஏழு கடலை மூன்று கடலாக்கிவிடுவாள்" என்றார் சித்தி.